மேசைப்பந்தாட்டம்: புதிதாகப் பழகுபவர் மட்டையைத் தெரிவு செய்தல்

கிரிக்கெட் துடுப்பு 10.8 சென்ரிமீற்றரை விட அகலமாக இருக்க முடியாது. மேசைப்பந்தாட்ட மட்டைக்கு அப்படி எல்லை கிடையாது. அது எந்த அளவிலும், எந்த வடிவத்திலும், எந்த நிறையிலும் இருக்கலாம் என்றே விதி கூறுகிறது. இந்தச் சுதந்திரம் நல்லதுதான். ஆனால் புதிதாகப் பழகுபவரைக் குழப்புவதும் இதுவே.

சவளக்கடை மாணவன் ஒருவன் பெருநாள் காசைச் சேர்த்துக்கொண்டு, கிட்டங்கியைக் கடந்து கல்முனைக்கு மட்டை வாங்கப் போகிறான் என்று வைத்துக்கொள்வோம். கடையில் பல மட்டைகள் தொங்குகின்றன. “வேகம்” என்று பெரிதாக அச்சிட்ட, விலை கூடிய மட்டையைக் கையில் எடுக்கிறான். மறுநாள் பாடசாலையில் அடிக்கும் பந்தெல்லாம் மேசையைத் தாண்டிப் போகின்றது. தனக்கு இந்த விளையாட்டு வராது என்று முடிவு செய்து விடுகிறான். உண்மையில் பிழை அவனுடைய கையில் இல்லை. ஏன் என்பதை விளங்கிக்கொள்ள மட்டையின் அமைப்பை அறிதல் வேண்டும்.

மட்டையின் அமைப்பு

மட்டையில் பலகை, ஸ்பொஞ்ச், இறப்பர் என மூன்று பகுதிகள் உள்ளன. பலகையின் தடிப்பில் குறைந்தது 85 சதவீதம் இயற்கை மரமாக இருத்தல் வேண்டும். மெல்லிய மரத் தகடுகளை ஒட்டியே பலகை செய்யப்படுகிறது. விலை கூடிய பலகைகள் சிலவற்றில் இடையே காபன் நார்ப் படை இருக்கும். காபன் படை பலகையை விறைப்பாக்கும். விறைப்பான பலகையில் பந்து சற்றும் தங்காமல் பாய்ந்து போகும்.

ஸ்பொஞ்ச் ஒரு வில்லைப் போலத் தொழிற்படுகிறது. பந்து படும்போது அமுங்கி, மீளும்போது பந்தைத் தள்ளுகிறது. மேலே உள்ள இறப்பரின் ஒரு பக்கம் வழவழப்பானது. மறுபக்கத்தில் சிறு முளைகள் இருக்கும். வழவழப்பான பக்கம் வெளியே இருந்தால் பந்துக்கும் இறப்பருக்கும் இடையே உராய்வு கூடும். பந்தைச் சுழற்றி அனுப்பலாம். விஞ்ஞான பாடத்தில் நீங்கள் படித்த உராய்வுதான் இது.

இங்கே பலரும் மறந்துவிடும் ஒரு விடயம் உண்டு. உராய்வு இரு பக்கமும் வேலை செய்யும். நீங்கள் பந்தைச் சுழற்றப் பயன்படும் அதே இறப்பர், எதிராளி சுழற்றி அனுப்பிய பந்தையும் பற்றிக்கொள்ளும். கீழ்ச்சுழற்சியுடன் வரும் பந்தைச் சாதாரணமாகத் தட்டினால் அது வலைக்குள் விழும். மேற்சுழற்சியுடன் வரும் பந்தைத் தட்டினால் உயர எழும்பி மேசைக்கு வெளியே போகும். எதிராளியின் சுழற்சியைக் கண்டுபிடிக்கப் பழகாத ஒருவருக்கு, பிடிமானம் மிகக் கூடிய இறப்பர் உதவியை விடத் தொல்லையையே கூடுதலாகக் கொடுக்கும். தடித்த ஸ்பொஞ்சும் அப்படியே. சரியான அடியை அது வலுவாக்கும், பிழையான அடியையும் வலுவாக்கும்.

பம்பாயில் 1952இல் நடந்தது

மட்டை ஆட்டத்தையே மாற்றும் என்பதற்கு மிகத் தெளிவான சான்று நம் அயல் நாட்டில் உள்ளது. 1952ஆம் ஆண்டு உலக மேசைப்பந்தாட்டச் சம்பியன் போட்டி பம்பாயில், அதாவது இன்றைய மும்பையில், நடைபெற்றது. ஆசியாவில் இப்போட்டி நடந்தது அதுவே முதற் தடவை. அக்காலத்தில் பெரும்பாலான வீரர்கள் ஸ்பொஞ்ச் இல்லாத, முளைகள் வெளியே தெரியும் மெல்லிய இறப்பர் மட்டையையே பாவித்தனர். ஜப்பானிய வீரர் ஹிரோஜி சடோ தடித்த ஸ்பொஞ்ச் ஒட்டிய மட்டையுடன் வந்தார். பந்து படும்போது ஏறத்தாழச் சத்தமே எழவில்லை. காதால் கேட்டும் அடியின் வலுவை அளந்து பழகிய வீரர்கள் திணறினர். சடோ ஆண்கள் ஒற்றையர் பட்டத்தை வென்றார்.

அதன் பின்னர் மட்டைக்குக் கட்டுப்பாடு வேண்டும் என்ற குரல் எழுந்தது. 1959இல் சர்வதேச மேசைப்பந்தாட்டச் சம்மேளனம் விதி வகுத்தது. இன்றும் ஸ்பொஞ்ச் உள்ள இறப்பரின் மொத்தத் தடிப்பு, பசையும் சேர்த்து, 4 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது. ஸ்பொஞ்ச் இல்லாத முளை இறப்பருக்கு எல்லை 2 மில்லிமீற்றர். சடோ உலக ஒற்றையர் பட்டத்தை மீண்டும் ஒருபோதும் வெல்லவில்லை என்பதையும் சேர்த்து வாசியுங்கள்.

இன்னோர் உதாரணம்: இந்திய வீராங்கனை மனிகா பத்ரா, 2018 பொதுநலவாய விளையாட்டு விழாவில் பெண்கள் ஒற்றையர் தங்கம் வென்றவர். அவர் பின்கைப் பக்கத்தில் நீண்ட முளைகள் கொண்ட இறப்பரைப் பாவிக்கிறார். அது எதிராளிக்கு எதிர்பாராத சுழற்சியுடன் பந்தைத் திருப்பும். தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு அதேபோன்ற ஒன்றைத் தேடிப் போகவேண்டாம். பல வருடப் பயிற்சியின் மேல் வைத்த கூரை அது. அத்திவாரம் போடும் நேரத்தில் கூரை எதற்கு?

எதை வாங்குவது?

காபன் இல்லாத, ஐந்து மரத் தகடுகள் கொண்ட பலகை; இரு பக்கமும் வழவழப்பான இறப்பர்; ஸ்பொஞ்ச் 1.5 முதல் 2 மில்லிமீற்றர் வரை. முதல் இரண்டு வருடங்களுக்கு இது தாராளமாகப் போதும். இத்தகைய மட்டைகள் ஒட்டியே விற்கப்படுகின்றன. பலகையையும் இறப்பரையும் வேறுவேறாக வாங்கத் தேவையில்லை. ஸ்பொஞ்சே இல்லாத மிக மலிவான மட்டையில் சுழற்சி பழகுவது கடினம். ஆகவே ஆக மலிவானதும் சரியல்ல, ஆக வேகமானதும் சரியல்ல.

உறையில் வேகம், சுழற்சி, கட்டுப்பாடு என்று மூன்று இலக்கங்கள் இருக்கும். நட்சத்திரங்களும் இருக்கும். இவை அந்தந்தக் கம்பனி தானே இட்டுக்கொண்டவை. ஒரு கம்பனியின் 80ஐ இன்னொரு கம்பனியின் 80உடன் ஒப்பிட முடியாது. ஒரே கம்பனியின் மட்டைகளுக்குள் கட்டுப்பாடு கூடியதைத் தெரிவு செய்யுங்கள்.

போட்டிக்குச் செல்ல எண்ணினால் நிறத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு பக்கம் கறுப்பாக இருத்தல் கட்டாயம். மறுபக்கம் முன்னர் சிவப்பாக மட்டுமே இருக்கலாம். 2021இலிருந்து பச்சை, நீலம் போன்ற வேறு பிரகாசமான நிறங்களும் அனுமதிக்கப்பட்டுள்ளன. எந்த இறப்பரால் அடிக்கப்படுகிறது என்பதை எதிராளி கண்டுகொள்ளவே இந்த ஏற்பாடு. சர்வதேசப் போட்டிகளுக்கு இறப்பரில் சம்மேளனத்தின் அங்கீகார முத்திரையும் இருத்தல் வேண்டும்.

கடையில் மட்டையைக் கையில் பிடித்துப் பாருங்கள். கைகுலுக்குவது போலப் பிடிக்கும் முறையே புதிதாகப் பழகுபவருக்கு இலகுவானது. சுட்டுவிரல் இறப்பரின் கீழ் விளிம்போடு படுத்திருக்க, மற்ற மூன்று விரல்களும் கைபிடியைத் தளர்வாகச் சுற்ற வேண்டும். நுனி விரிந்த கைபிடி கையிலிருந்து வழுவாது. பத்து நிமிடம் வீசிப் பார்த்து மணிக்கட்டு நோவெடுத்தால் அந்த மட்டை உங்களுக்குப் பாரம். கடைக்காரர் முகம் சுளித்தாலும் வீசிப் பார்த்தே வாங்குங்கள்.

பழைய மட்டை கிடைத்தால் ஒரு சோதனை செய்யலாம். பந்தை இறப்பரின் மேல் வைத்து லேசாக அழுத்தி இழுங்கள். பந்து வழுக்கிக்கொண்டு போனால் இறப்பரின் பிடிமானம் போய்விட்டது. பலகை நன்றாக இருந்தால் இறப்பரை மட்டும் மாற்றலாம்.

பந்தும் மேசையும்

பந்தின் விட்டம் 40 மில்லிமீற்றர், நிறை 2.7 கிராம், நிறம் வெள்ளை அல்லது செம்மஞ்சள். 2000ஆம் ஆண்டு வரை விட்டம் 38 மில்லிமீற்றராக இருந்தது. 2014 முதல் செலுலோயிட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்ரிக் பந்து வந்தது. பழைய வினாத்தாள்களையும் கையேடுகளையும் பார்ப்போர் 38ஐக் கண்டு மயங்க வேண்டாம். பயிற்சிக்கு மலிவான பந்துகளைப் பலவாக வாங்குவது, மூன்று நட்சத்திரப் பந்து ஒன்றை வாங்கிப் பூட்டி வைப்பதை விட மேல்.

மேசையின் நீளம் 2.74 மீற்றர், அகலம் 1.525 மீற்றர், உயரம் 76 சென்ரிமீற்றர். வலையின் உயரம் 15.25 சென்ரிமீற்றர். மேசை நல்லதா என அறிய ஓர் அடிமட்டம் போதும். 30 சென்ரிமீற்றர் உயரத்திலிருந்து நல்ல பந்தொன்றை விழ விடுங்கள். அது ஏறத்தாழ 23 சென்ரிமீற்றர் எழும்ப வேண்டும். மேசையின் எல்லா மூலைகளிலும் இப்படிப் பாருங்கள். ஓரிடத்தில் பந்து செத்து விழுந்தால் அங்கே பலகை ஊறியிருக்கலாம். மழைக்காலத்தில் ஒழுகும் மண்டபங்களில் இது வழமை. மேசையின் குறையை மட்டையின் தலையில் போடாதிருக்க இச்சோதனை உதவும்.

பராமரிப்பு

நம் கரையோரத்தில் காற்றோடு மணலும் உப்பும் வரும். தூசி படிந்த இறப்பரில் உராய்வு குறையும். ஆடி முடிந்ததும் ஈரத் துணியால் மெதுவாகத் துடைத்து, உலர்ந்த பின் உறையில் இடுங்கள். வெயிலில் காயவைத்தால் இறப்பர் விறைத்து வெடிக்கும். சைக்கிளின் பின்னிருக்கையில் வெறுமையாகச் செருகிக்கொண்டு போவதும் கூடாது.

வினா: புதிதாகப் பழகும் ஒருவருக்கு வேகம் கூடிய மட்டை பொருத்தமற்றது என்பதற்கு இரு காரணங்கள் தருக.

விடை: (1) விறைப்பான பலகையும் தடித்த ஸ்பொஞ்சும் அடியில் ஏற்படும் சிறு பிழையையும் பெரிதாக்குவதால் பந்தை மேசையில் விழுத்துவது கடினமாகும். (2) பிடிமானம் கூடிய இறப்பர் எதிராளியின் சுழற்சியையும் கூடுதலாக ஏற்பதால், சுழற்சியை இனங்காணப் பழகாதவரால் பந்தைக் கட்டுப்படுத்த முடியாது.

“வேகம் கூடியது, ஆகவே பொருத்தமற்றது” என்று மட்டும் எழுதினால் அது காரணம் ஆகாது. வினாவைத் திருப்பி எழுதியதாகவே கொள்ளப்படும்.