பிஞ்சு முகங்கள் – 7: லாலாகாட்டில் ஜாக்கி

1935 மே மாதம் மலைப்பாதையில் கார் உருண்டு, குழந்தை நடிகனாகப் புகழ்பெற்ற ஜாக்கி கூகனின் அப்பா இறந்துபோனார். அக்டோபரில் ஜாக்கிக்கு 21 வயது நிறைந்தது. சிறுவயதில் நடித்துச் சேர்த்த என் சம்பாத்தியம் எங்கே என்று அவன் கேட்டபோது அம்மா கையை விரித்துவிட்டார். போன வாரம் அங்கே நிறுத்தினேன். தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இதற்குமேல் நினைவூட்ட வேண்டியதில்லை.

இந்த வாரம், அந்தப் பணத்துக்காக ஜாக்கி போட்ட வழக்கையும் அதனால் பிறந்த சட்டத்தையும் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்காகக் குறிப்புகளைப் புரட்டும்போது ஓர் ஊர்ப்பெயர் கண்ணில் பட்டது. லாலாகாட். அஸ்ஸாமில், சில்சருக்குப் பக்கத்தில், பராக் பள்ளத்தாக்கில் இருக்கிறது. சாப்ளினின் 'தி கிட்' படத்தில் கிழிந்த கால்சட்டையும் பெரிய தொப்பியுமாகக் கல்லெறிந்து ஜன்னல் கண்ணாடி உடைத்த அந்தப் பையன் ஜாக்கி, தன் 29 வயதில் இந்த மண்ணில் வந்து நின்றிருக்கிறான்! மூன்று நாளாக வீட்டில் எல்லோரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஆனால் வழக்கைச் சொல்லாமல் லாலாகாட்டுக்குப் போனால் அதன் அருமை தெரியாது.

1938 ஏப்ரல். லாஸ் ஏஞ்சல்ஸ் நீதிமன்றத்தில் ஜாக்கி கூகன் வழக்குப் போட்டான். எதிர்த்தரப்பில் இருவர். ஒருவர் பெற்ற தாய் லில்லியன். இன்னொருவர் ஆர்தர் பெர்ன்ஸ்டைன். அப்பா இருந்த காலத்தில் குடும்பத்தின் வரவுசெலவைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இவர். அப்பா போனபின் அம்மா இவரையே மணந்துகொண்டார். கணக்குப் புத்தகம் யார் கையில் இருந்ததோ அவரே வீட்டுக்குத் தலைவராகவும் ஆகிவிட்டார்.

ஜாக்கி சிறுவயதில் சம்பாதித்தது 30 லட்சத்திலிருந்து 40 லட்சம் டாலர் வரை என்று மதிப்பிட்டிருக்கிறார்கள். அவன் கைக்கு வந்தது வாரத்துக்கு 6.25 டாலர் கைச்செலவு. இந்த எண்ணை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1923இல் மெட்ரோ நிறுவனம் அவனை ஒப்பந்தம் செய்தபோது, கையெழுத்துப் போட்டதற்கு மட்டும் 5 லட்சம் டாலர் கொடுத்தது. நடிப்புக்கான சம்பளம் தனி. அந்த ஒரு கையெழுத்துப் பணத்தை வாரம் ஆறேகால் டாலராகக் கொடுத்துத் தீர்க்க 80,000 வாரங்கள் வேண்டும். அதாவது 1,500 ஆண்டுகளுக்கு மேல்.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு என்ன சொன்னது தெரியுமா? கேமரா முன்னால் அவன் செய்தது விளையாட்டு, அவனும் அதை விளையாட்டாகத்தான் நினைத்தான், கெட்ட பையன், பணத்தை நம்பிக் கொடுக்கக்கூடியவன் அல்ல. இதை வாசித்தபோது எனக்கு வயிறு எரிந்தது. 'தி கிட்' படத்தில் அநாதை இல்லத்து வண்டியில் ஏற்றும் காட்சியில் அந்தக் குழந்தை கைகளை நீட்டி அழுகிறதே, அந்த அழுகை வருவதற்காக, அழாவிட்டால் உன்னை நிஜமாகவே இல்லத்தில் விட்டுவிடுவேன் என்று அப்பாவே மிரட்டினார் என்பதைச் சாப்ளின் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஆறு வயதுகூட நிறையாத பிள்ளையிடம் இப்படி வேலை வாங்கிவிட்டு, பிற்பாடு அதை விளையாட்டு என்று சொல்ல எப்படி மனம் வந்தது?

சட்டம் அம்மா பக்கம் இருந்தது. கலிபோர்னியாவில் அன்று மைனர் பிள்ளையின் சம்பாத்தியம் பெற்றோருக்கே சொந்தம். வழக்கு முடியும்போது மிஞ்சியிருந்தது சுமார் 2.5 லட்சம் டாலர். அதில் ஜாக்கிக்குக் கிடைத்தது 1.26 லட்சம். இதற்குள் பட வாய்ப்புகள் வற்றிவிட்டன. 1937இல் கைப்பிடித்த நடிகை பெட்டி கிரேபிளும் 1939இல் விவாகரத்து வாங்கிக்கொண்டார். இந்த நெருக்கடியில் சாப்ளினிடம் போய் நின்றபோது, அவர் யோசிக்காமல் ஆயிரம் டாலர் எடுத்துக் கொடுத்தார்.

இதுவரை ஆறு வாரமும் 'அவன்' என்றே எழுதிவந்தேன். குழந்தையைப் பற்றி எழுதும்போது அதுதான் வாயில் வந்தது. 21 வயது நிறைந்து, கல்யாணமும் ஆனவனைக் கோர்ட்டிலும் பையனாகவே வைத்துப் பேசினார்கள். நானும் மேலே அப்படியே எழுதிவிட்டேன். இனி 'அவர்'.

1941 மார்ச்சில் அவர் ராணுவத்தில் சேர்ந்தார். அமெரிக்கா அப்போது இரண்டாம் உலகப் போரிலேயே இறங்கவில்லை. ஜப்பானின் பேர்ல் ஹார்பர் தாக்குதல் அந்த டிசம்பரில்தான் நடந்தது. சேர்ந்தது மருத்துவப் பிரிவில். பேர்ல் ஹார்பருக்குப் பிறகு, எனக்கு விமானம் ஓட்டத் தெரியும், கிளைடர் பிரிவுக்கு மாற்றுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பயிற்சி முடிந்ததும் ஆபத்தான பணிக்குத் தாமாக முன்வந்தார். 1943 டிசம்பரில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்.

கிளைடர் என்றால் என்ன என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். அவர்கள் ஓட்டியது வேக்கோ நிறுவனம் வடிவமைத்த சிஜி-4ஏ. எஃகுக் குழாய்களால் கூடு, அதன்மேல் இழுத்துக் கட்டிய துணி, தரைக்கு ஒட்டுப்பலகை. இறக்கையின் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் 83 அடிக்கு மேல். எஞ்சின் கிடையாது. முன்னால் போகும் டகோட்டா விமானம் நைலான் கயிற்றால் இழுத்துக்கொண்டு போகும். இடம் வந்ததும் கயிற்றை விடுவித்துவிட வேண்டும். அதன்பின் காற்றும் விமானியின் கையும்தான். தவறினால் மறுபடி மேலே ஏற வழியில்லை. மூக்குப் பகுதி பெட்டி மூடி மாதிரி மேலே திறக்கும். உள்ளேயிருந்து ஜீப் இறங்கி ஓடும். அந்த மூக்கில்தான் இரண்டு விமானிகளும் உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் மரமோ பாறையோ இருந்தால் முதலில் மோதுவது அவர்கள்.

1944 மார்ச் 5, ஞாயிற்றுக்கிழமை. பர்மா ஜப்பானியர் கையில் இருந்தது. பிரிட்டிஷ் ஜெனரல் விங்கேட்டின் சிந்திட் படையை எதிரியின் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இறக்க வேண்டும். 'சிந்தே' என்றால் பர்மியக் கோயில் வாசல்களில் நிற்கும் சிங்கம். அதிலிருந்து வந்த பெயர் இது. இறங்குவதற்குக் காட்டின் நடுவே வெட்டவெளிகளைத் தேர்ந்தெடுத்து, பிராட்வே, பிக்காடில்லி, சௌரங்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். நியூயார்க்குக்கு ஒன்று, லண்டனுக்கு ஒன்று, நம் கல்கத்தாவுக்கு ஒன்று!

லாலாகாட்டில் கிளைடர்கள் வரிசையாக நிற்கின்றன. கிளம்பச் சற்று நேரம் இருக்கும்போது ஒரு புகைப்படம் வந்து சேர்கிறது. எதிரிக்குச் சந்தேகம் வரக் கூடாது என்று அந்த இடங்களுக்குமேல் பறக்க விங்கேட் தடை போட்டிருந்தார். கிளைடர்களை அனுப்பிய அமெரிக்க விமானப் பிரிவின் தளபதி பிலிப் காக்ரன் அதை மீறி ஒருவரை அனுப்பிப் படம் எடுத்து வரச் செய்திருந்தார். பிக்காடில்லி வெளி முழுக்க மரக்கட்டைகள் கிடப்பது அதில் தெரிந்தது. எல்லோரும் பிராட்வேக்கே போங்கள் என்று கடைசி நேரத்தில் திட்டத்தை மாற்றினார்கள். (இந்தக் காக்ரனைப் பார்த்துத்தான் 'டெர்ரி அண்ட் தி பைரேட்ஸ்' சித்திரக்கதையில் ஃபிளிப் கார்க்கின் என்ற பாத்திரத்தை மில்டன் கேனிஃப் படைத்தார். அவரைப் பற்றியே ஒரு வாரம் எழுதலாம்.)

ஒரு விமானம் இரண்டு கிளைடர்களை இழுத்துக்கொண்டு மலைகளைத் தாண்ட வேண்டும். கயிறுகள் அறுந்தன. கிளம்பிய அறுபதுக்கு மேற்பட்ட கிளைடர்களில் பாதியளவுதான் பிராட்வேயை அடைந்தன. அங்கே இன்னொரு ஆபத்து காத்திருந்தது. தேக்குக் கட்டைகளை இழுத்துப் போன பழைய தடங்கள் பள்ளமாகப் புல்லுக்கடியில் மறைந்து கிடந்தன. நிலா வெளிச்சத்தில் அவை தெரியவில்லை. சக்கரம் மாட்டிக்கொண்டு நின்ற கிளைடர்மேல் அடுத்து வந்தது மோதியது. பலர் அங்கேயே செத்தார்கள். அப்படியும் மறுநாள் முழுதும் உழைத்து ஓடுபாதை போட்டார்கள். அன்றிரவே டகோட்டாக்கள் வந்திறங்கின.

அந்த நடவடிக்கையில் ஜாக்கி கூகனும் ஒரு கிளைடரை ஓட்டினார். ஜப்பானிய அணிகளுக்கு 160 கிலோமீட்டர் பின்னால், சிந்திட் வீரர்களைக் கொண்டுபோய் இறக்கினார். பணத்தை நம்பிக் கொடுக்க முடியாத பையன் என்று கோர்ட்டில் பேர் வாங்கி ஆறு வருடம்கூட ஆகவில்லை. இருட்டில், எஞ்சின் இல்லாத துணிக்கூட்டில், பின்னால் உட்கார்ந்திருந்தவர்களின் உயிரை அவர் கையில் கொடுத்தார்கள். அம்மா தரப்பு சொன்னதற்கு இதைவிட நல்ல பதில் கிடையாது.

1942இல் பர்மாவிலிருந்து கால்நடையாக வந்த தமிழர் குடும்பங்களின் கதைகளில் மணிப்பூர் மலைகளும் அஸ்ஸாமும் வரும். எங்கள் தெருவிலேயே ஒரு பாட்டி அந்த நடையைச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அவர்கள் நாள்கணக்கில் நடந்து கடந்த அந்த மலைத்தொடரின் மேலேதான் இரண்டு வருடம் கழித்து இந்தக் கயிறு கட்டிய கிளைடர்கள் எதிர்த்திசையில் பறந்திருக்கின்றன. இதை அந்தப் பாட்டியிடம் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம்.

சட்டத்துக்கு இடம் குறைந்துவிட்டது. சுருக்கமாக இவ்வளவு: ஜாக்கியின் வழக்கைப் பார்த்து நாடே கொதித்ததால் 1939இல் கலிபோர்னியா குழந்தை நடிகர் சட்டத்தை இயற்றியது. இன்றும் அதைக் 'கூகன் சட்டம்' என்றுதான் சொல்கிறார்கள். ஆனால் நீதிமன்ற ஒப்புதல் பெற்ற ஒப்பந்தங்களுக்கு மட்டுமே அது பொருந்தியது. அந்த ஓட்டை வழியாக எத்தனையோ பிள்ளைகளின் பணம் ஒழுகியது. பிள்ளையின் சம்பாத்தியம் பிள்ளைக்கே சொந்தம், அதில் 15 சதவீதத்தை ஒதுக்கி வைத்தே ஆக வேண்டும் என்று முழுமையாக அடைத்தது 2000இல்தான். ஜாக்கி அதைப் பார்க்க இல்லை. 1984 மார்ச் 1ஆம் தேதி இறந்துவிட்டார். அந்த ஓட்டைகளையும், 1964இல் மொட்டைத் தலையோடு 'ஆடம்ஸ் ஃபேமிலி' தொடரில் ஃபெஸ்டர் மாமாவாக அவர் திரும்பி வந்த கதையையும் அடுத்த வாரம் விரிவாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் அடுத்த வாரத்துக்குத் தள்ள மனமில்லை. நம் நாட்டிலும் 2017 முதல் விதி இருக்கிறது. சினிமாவிலோ சீரியலிலோ விளம்பரத்திலோ குழந்தை நடித்தால், அதன் வருமானத்தில் குறைந்தது 20 சதவீதத்தைத் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் அந்தக் குழந்தையின் பெயரிலேயே நிரந்தர வைப்பாகப் போட வேண்டும். 18 வயது நிறைந்ததும் அந்தப் பணம் பிள்ளைக்குப் போகும். ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது. உங்கள் வீட்டுப் பிள்ளையோ தெரிந்தவர் வீட்டுப் பிள்ளையோ நடிக்கிறது என்றால், அடுத்த படப்பிடிப்புக்கு அனுப்பும் முன் அந்த வைப்பு ரசீதை ஒருமுறை கேட்டு வாங்கிப் பாருங்கள். அதில் பிள்ளையின் பெயர் இருக்க வேண்டும்.