மகாநாட்டுச் சுவரும் திராட்சைத் தோட்டமும்

உயிரியல் பயிலும் இளம் ஆராய்ச்சியாளர் தம் பரிசோதனை முடிவுகளைப் படமும் கணக்குமாக ஒரே தாளில் அமைத்து, மகாநாட்டுச் சுவரில் மாட்டி, வினவுவோருக்கு நேரில் விடையளிப்பது இக்கால வழக்கம். 1969-ஆம் வருஷம் மாட்ரிட் நகரில் கூடிய ஐரோப்பிய உயிர்ரசாயன சங்கங்களின் மகாநாட்டில் இம்முறை கையாளப்பட்டது. சிறந்த தாள்களுக்குப் பரிசளிப்பதும் உண்டு.

தாளின் மதிப்பு அதன் அழகிலன்று. எத்தனை கொடிகளில், எத்தனை போகங்களில் சோதித்தனர், ஒப்புநோக்க மருந்திடாத வரிசை ஒன்றை விட்டனரா என்பனவே கேட்கத்தக்கவை.

உத்தமபாளையம் தாலூகா ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் உளது. இப்பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது. ஈரம் மிகுந்த நாட்களில் அடிச்சாம்பல் நோய் இலையின் மேற்புறம் மஞ்சள் திட்டாகவும், அடிப்புறம் வெண்பூசணமாகவும் தோன்றும். இதனை ஆராய வரும் மாணாக்கருக்கு, கவாத்து செய்த நாள், மழை பெய்த நாள், மருந்து தெளித்த நாள் ஆகியவற்றைக் குறித்து வைத்துள்ள தோட்டமே பெரிதும் உதவும்.

ஆதலின் பட்டாதாரர்கள் இக்குறிப்பேட்டைத் தவறாது எழுதிவருவார்களாக. ஆராய்ச்சி முடிந்தபின் அத்தாளைத் தமிழில் கேட்டுப்பெற்று, ஊராட்சி அலுவலகத்தில் யாவரும் காண ஒட்டுவிப்பது கிராம அதிகாரிகளின் பொறுப்பாகும். அடுத்த கவாத்திற்கு முன்னரே அது வந்து சேருமாயின், தோட்டக்காரருக்கும் பயன் உண்டாகும்.