நான்கு முறை படித்த ஜாலி நாவல்... ஆன் ஃபிராங்க் டைரிக்குள் ஒரு டீன் ஏஜ் வாசகி!

"எப்பப் பார்த்தாலும் கதைப் புத்தகம்தானா? இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது?" - டீன் ஏஜ் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இந்தக் கேள்வி ஒரு முறையாவது ஒலித்திருக்கும். பாடப் புத்தகத்தைக் கையில் எடுத்தால் படிப்பு, நாவலை எடுத்தால் நேர விரயம் என்பதுதான் பல பெற்றோரின் கணக்கு.

அந்தக் கணக்கோடு, உலகின் மிகப் பிரபலமான டைரியைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கலாம். ஆன் ஃபிராங்க் என்றதும் நமக்கு நாஜிக்கள், தலைமறைவு வாழ்க்கை, வதைமுகாம் எல்லாம் நினைவுக்கு வரும். ஆனால், அந்த டைரிக்குள் நாம் அதிகம் கவனிக்காத ஒரு வாசகியும் இருக்கிறாள். பிடித்த நாவலைத் திரும்பத் திரும்பப் படிப்பாள். 'இது சூப்பர், இது சுமார்' என்று மார்க் போடுவாள். பெரியவர்கள் திணிக்கும் புத்தகத்தை மரியாதைக்காகப் புரட்டிவிட்டு வைத்துவிடுவாள். அந்த வாசகி இல்லாமல் போயிருந்தால், ஆன் ஃபிராங்கின் டைரி நமக்கு இந்த வடிவத்தில் கிடைத்திருக்காது.

நூலகத்துக்குள் நுழையத் தடை!

ஆன், 1929 ஜூன் 12 அன்று ஜெர்மனியின் ஃபிராங்ஃபர்ட் நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவள். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் குடும்பம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம் நகருக்குக் குடிபெயர்ந்தது. 1940 மே மாதம் ஜெர்மன் ராணுவம் நெதர்லாந்தையும் பிடித்துக்கொண்டது. அதன்பின் யூதர்களுக்கு ஒவ்வொன்றாகத் தடைகள். 1941 செப்டம்பரில் வந்த உத்தரவின்படி பூங்கா, ஹோட்டல், தியேட்டர் மட்டுமல்ல, நூலகத்துக்குள்ளும் அவர்கள் நுழையக் கூடாது.

1942 ஜூன் 12, ஆனின் 13-வது பிறந்தநாள். பரிசாக டைரி கிடைத்தது. ஒரு மாதம்கூட முடியவில்லை, ஜூலை 6 அன்று குடும்பமே தலைமறைவானது. அப்பா ஓட்டோவின் அலுவலகக் கட்டடத்தின் பின்பகுதிதான் மறைவிடம். பிறகு இன்னும் சிலர் வந்து சேர, மொத்தம் எட்டுப் பேர். வாசலை மறைக்க, நகரும் புத்தக அலமாரி ஒன்றைச் செய்து நிறுத்தினார்கள். பகலில் கீழே ஊழியர்கள் வேலை செய்வார்கள் என்பதால் சத்தமாக நடக்கக்கூட முடியாது.

இப்படி இரண்டு வருடங்களுக்கு மேல் அடைந்து கிடந்த பெண்ணுக்கு வெளியுலகத்திலிருந்து வந்தவற்றில் முக்கியமானவை புத்தகங்கள். ஓட்டோவின் அலுவலகத்தில் வேலை பார்த்த மீப் கீஸ், ஒவ்வொரு சனிக்கிழமையும் ஐந்து நூலகப் புத்தகங்களைக் கொண்டுவந்து கொடுப்பார். பரிசுப் பொருளுக்குக் காத்திருக்கும் குழந்தைகளைப்போல அந்தச் சனிக்கிழமைக்காகக் காத்திருப்போம் என்று 1943 ஜூலையில் எழுதுகிறாள் ஆன். அவள் கால் வைக்கக் கூடாத நூலகத்திலிருந்து, அவளுக்காகப் புத்தகங்கள் வந்துகொண்டிருந்தன.

'யோப்' என்கிற குறும்புக்காரி

அப்பாவின் இன்னொரு சகாவான கிளைமன், பெண் பிள்ளைகளுக்கான கதைப் புத்தகங்களைக் கொண்டுவருவார். அதில் ஆன் சொக்கிப்போனது சிஸ்ஸி வான் மார்க்ஸ்வெல்ட் எழுதிய 'யோப் தெர் ஹூல்' வரிசை நாவல்களில்தான். 1919-ல் முதல் நாவல் வெளியானது. நெதர்லாந்துப் பெண் பிள்ளைகள் மத்தியில் அப்போது செம ஹிட். யோப், பள்ளியில் படிக்கும் குறும்புக்காரி. தோழிகளோடு சேர்ந்து ஒரு கிளப் வைத்திருப்பாள். வெளியூர்த் தோழிக்குப் பக்கம் பக்கமாகக் கடிதம் எழுதுவாள். அப்பா அதற்குத் தடை போட்டதும் டைரி எழுத ஆரம்பித்துவிடுவாள்!

இலக்கிய விமர்சகர்கள் கொண்டாடும் வகை நாவல்கள் அல்ல இவை. படித்துச் சிரித்துவிட்டுப் போகும் ஜாலிக் கதைகள். ஆன் படித்ததும் அந்த ஜாலிக்காகத்தான். இதே சிஸ்ஸி எழுதிய, ஒரு கோடை விடுமுறைக் கூத்துகளைச் சொல்லும் நாவலை நான்கு முறை படித்துவிட்டதாகவும், அப்போதும் சிரிப்பு வந்ததாகவும் 1942 செப்டம்பரில் எழுதுகிறாள்.

ஆனால், கண்மூடித்தனமான ரசிகை அல்ல. அடுத்த மாதம் சிஸ்ஸியின் இன்னொரு நாவலைப் படித்துவிட்டு, நன்றாக இருந்தாலும் யோப் அளவுக்கு வரவில்லை என்று தீர்ப்பு சொல்கிறாள். கூடவே ஒரு முடிவும் எடுக்கிறாள். நாளை தனக்குக் குழந்தைகள் பிறந்தால், அவர்களுக்கும் சிஸ்ஸியின் புத்தகங்களைப் படிக்கக் கொடுக்க வேண்டுமாம். 13 வயதில், போகிற போக்கில் எழுதிய வரி. அவளுக்கு என்ன நடந்தது என்று தெரிந்த நமக்குத்தான் அதைச் சட்டென்று தாண்டிப் போக முடிவதில்லை.

டைரிக்குள் வந்த தோழிகள்

தலைமறைவான சில வாரங்களில் ஆனின் டைரி மாறுகிறது. அதே செப்டம்பரில், அன்றாடக் குறிப்புகளைக் கடிதங்களாக எழுதத் தொடங்குகிறாள். யாருக்கு? கிட்டி, பாப், கானி... எல்லாம் யோப்பின் கிளப்பில் இருக்கும் தோழிகளின் பெயர்கள். நிஜத் தோழிகளைப் பார்க்க முடியாத பெண், நாவலில் வரும் தோழிகளிடம் பேச ஆரம்பித்தாள். பின்னாளில் மற்றவர்களெல்லாம் விலகி, கிட்டி மட்டும் மிஞ்சினாள். உலகமே அறிந்த அந்தக் 'கிட்டி', யோப் நாவல்களிலிருந்து வந்தவள் என்பதே ஆய்வாளர்கள் பலரின் கருத்து.

யாரோ ஒரு தோழிக்குச் சொல்வதுபோல எழுதியதால்தான் அந்த டைரியில் அத்தனை கலகலப்பு. சண்டை, கோபம், பொறாமை, காதல் எதையும் மறைக்கவில்லை. படிக்கிறவர்களுக்குத் தங்களிடமே பேசுவதுபோலத் தோன்றுவதற்குக் காரணமும் அதுதான்.

அப்பா கொடுத்த கதே, அம்மா கொடுத்த பிரார்த்தனைப் புத்தகம்

மறைவிடத்திலும் பெற்றோர் பெற்றோர்தான்! 'நல்ல' புத்தகம் படிக்கட்டும் என்று அப்பா, ஜெர்மன் மேதைகளான கதே, ஷில்லரின் நாடகங்களை எடுத்துவந்து தினமும் மாலையில் வாசித்துக் காட்டத் திட்டமிடுகிறார். அதைப் பார்த்து அம்மா எடித்தும் தன் பிரார்த்தனைப் புத்தகத்தை நீட்டுகிறார். மரியாதைக்காகச் சிலவற்றைப் படித்துப் பார்த்ததாக எழுதுகிறாள் ஆன்.

பெரியவர்களுக்கான நாவல் ஒன்றைப் படிக்க அனுமதி கிடைத்தபோது, இதற்கும் பெண் பிள்ளைகளுக்கான கதைகளுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லையே என்று சாதாரணமாகச் சொல்லிவிடுகிறாள்.

புத்தகத்துக்காக அடிதடியும் நடந்திருக்கிறது. பெரியவர்கள் 'பிள்ளைகள் தொடக் கூடாது' என்று ஒதுக்கி வைத்த புத்தகத்தை, அங்கிருந்த 15 வயது பீட்டர் எடுத்துக்கொண்டு மேல்மாடத்தில் ஒளிந்து படித்தான். மாட்டிக்கொண்டதும் அடி, 'இன்னிக்கு சாப்பாடு கிடையாது' என்ற தண்டனை. பிடிவாதமாக இறங்கி வராத பீட்டர், புகைபோக்கி வழியாகவே பதில் குரல் கொடுத்திருக்கிறான்.

இதற்காக அப்பா சொன்னதையெல்லாம் ஆன் ஒதுக்கவில்லை. படித்ததில் பிடித்த பகுதிகளைத் தனி நோட்டில் எழுதிவைக்கும் பழக்கம், அவர் சொல்லி 1943 ஆகஸ்டில் தொடங்கியதுதான்.

வாசகி எழுத்தாளரான கதை

1943-ல் ஆன் சிறுகதைகள் எழுதத் தொடங்கினாள். பிறகு ஒரு நாவலையும் ஆரம்பித்தாள். 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து ஒலிபரப்பான டச்சு வானொலியில் அமைச்சர் போல்கஸ்டைன் பேசினார். டைரிகளையும் கடிதங்களையும் பத்திரப்படுத்துங்கள், போர் முடிந்ததும் அவற்றைத் திரட்டுவோம் என்றார். மறுநாளே, மறைவிட வாழ்க்கையை நாவலாக்கினால் எப்படி இருக்கும் என்று யோசிக்கிறாள் ஆன். தலைப்பைப் பார்த்தால் துப்பறியும் கதை என்றே நினைப்பார்களாம்! மே மாதம், தன் பழைய பக்கங்களை எடுத்துவைத்துத் திருத்தி எழுத ஆரம்பித்தாள். வேண்டாததை வெட்டினாள், புதிதாகச் சேர்த்தாள். எது வாசகரை இழுக்கும், எது சலிப்பூட்டும் என்பது அத்தனை நாவல்கள் படித்த பெண்ணுக்குத் தெரியாதா?

ஜூலை 15 அன்று அவள் எழுதிய குறிப்பு, இளம்பெண்களைக் குறைசொல்லும் நூலகப் புத்தகம் ஒன்றின் மீதான கோபத்தில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து தன்னைப் பற்றி, தன் தலைமுறையைப் பற்றி என்று வளர்ந்து, மனிதர்களின் நல்ல மனதை நம்புவதாகச் சொல்லும் அந்தப் புகழ்பெற்ற வரிகளில் வந்து நிற்கிறது.

அடுத்து மூன்று வாரங்கள்கூட இல்லை. ஆகஸ்ட் 4 அன்று எட்டுப் பேரும் கைது செய்யப்பட்டார்கள். 1945-ன் தொடக்கத்தில், பெர்கன்-பெல்சன் முகாமில் ஆன் இறந்தாள். வயது 15. எட்டுப் பேரில் உயிரோடு திரும்பியவர் ஓட்டோ மட்டுமே. சிஸ்ஸியின் வீட்டையும் போர் விடவில்லை. யூதரான அவர் கணவரை 1944-ல் நாஜிக்கள் சுட்டுக் கொன்றார்கள்.

மீப் எடுத்துப் பாதுகாத்திருந்த காகிதங்களிலிருந்து, 1947 ஜூன் 25 அன்று ஆனின் புத்தகம் வெளியானது. இன்று 70-க்கும் மேற்பட்ட மொழிகளில் வாசிக்கப்படுகிறது.

நாவல் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் எழுத்தாளராகிவிட மாட்டார்கள், ஆகவும் வேண்டாம். ஆன் அந்த ஜாலி நாவலை நான்கு முறை படித்தபோது, அது எதற்குப் பயன்படும் என்று அவளும் யோசிக்கவில்லை. பூட்டிய அறைக்குள் அது அவளைச் சிரிக்கவைத்தது. அதுவே போதுமானதாக இருந்தது.

உங்கள் மகளோ மகனோ நாவலோடு மூலையில் உட்கார்ந்திருந்தால், 'என்ன ஆகப்போகுது' என்பதை விட்டுவிட்டு, 'இதுல உனக்கு யாரை ரொம்பப் பிடிச்சுது?' என்று கேட்டுப் பாருங்களேன். பள்ளியைப் பற்றிக் கேட்டால் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்லும் பிள்ளைகள்கூட, இந்தக் கேள்விக்கு நிறையவே பேசலாம்!