டில்லிப் பேருந்துகள் எரிபொருள் மாறிய வரலாறு

நகர வாழ்வில் பேருந்து ஏழையின் வாகனம். சொந்தக் கார் உடையோர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கொண்டு விரைந்து செல்வர். கைக்குழந்தையைத் தோளிற் சாய்த்து நிறுத்தத்தில் காத்து நிற்கும் தாயோ, வந்து நிற்கும் ஒவ்வொரு வண்டியும் கக்கும் கரும்புகையைச் சுவாசித்தே ஆகவேண்டும். 1990களில் நம் தலைநகராகிய டில்லியில் இந்நிலை மிகக் கொடிதாய் இருந்தது. அந்நகரின் பேருந்துகள் டீசலை அறவே விட்டொழித்து இயற்கை வாயுவுக்கு மாறிய வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் நன்று. அதில் நீதியும் உண்டு, அநீதியும் உண்டு.

வாகனப் புகையைத் தடுக்கக்கோரி வழக்கறிஞர் எம்.சி. மேத்தா 1985இல் உச்ச நீதிமன்றத்தை அணுகினார். ஆண்டுகள் பல உருண்டன. அனில் அகர்வால் தலைமையில் இயங்கிய அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம், இப்புகை மக்களை மெல்லக் கொல்கிறது எனச் சாற்றும் ஆய்வேட்டை 1996இல் வெளியிட்டது. 1998 ஜனவரியில் பூரேலால் என்பவரைத் தலைவராகக் கொண்ட குழு அமைக்கப்பட்டது. அவ்வாண்டு ஜூலை 28ஆம் நாள் நீதிமன்றம் தன் ஆணையைப் பிறப்பித்தது. 2001 மார்ச் 31க்குள் நகரப் பேருந்துகள் யாவும் இயற்கை வாயுவில் ஓடவேண்டும். பேருந்துகளின் எண்ணிக்கையை 10,000ஆக உயர்த்தவேண்டும். 9 ஆக இருந்த வாயு நிரப்பும் நிலையங்கள் 80 ஆகவேண்டும்.

இது நம் சமையலறைச் சிலிண்டரில் உள்ள வாயு அன்று. அது பெரும்பாலும் புரோப்பேன், பியூட்டேன் ஆகியவற்றின் கலவை. சிறிது அழுத்தினாலே திரவமாகிவிடும். இயற்கை வாயுவில் பெரும்பகுதி மீத்தேன். காற்றினும் இலேசானது, சாதாரண வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. ஆதலால் வளிமண்டலத்தைப்போல் ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில், கனத்த உருளைகளில் அடைத்து வண்டியில் பொருத்துகின்றனர். எரியும்போது டீசலைப்போல் கரித்துகளை உமிழ்வதில்லை. நுரையீரலின் அடியாழம்வரை சென்று தங்கும் நுண்துகள்தானே டீசலின் பெருங்கேடு!

குஜராத்தின் ஹசீராவிலிருந்து வடக்கே வரும் நெடுங்குழாய் வழியாக டில்லிக்கு வாயு வந்தது. குழாயோடு இணைந்த நிலையத்திற்குத் ‘தாய் நிலையம்’ என்று பெயர். அங்கே அழுத்தி உருளைகளில் நிரப்பிய வாயுவை லாரிகளில் ‘மகள் நிலையங்களுக்கு’ எடுத்துச் செல்வர். (பெயரென்னவோ குடும்பப் பாங்கானதுதான்!) மகள் நிலையத்தில் உருளை காலியாகக் காலியாக அழுத்தம் குறையும்; நிரப்பும் வேகமும் குறையும். எண்ணிக்கைக் கணக்கில் நிலையம் இருக்கும், வாயு இராது. இந்நுட்பத்தை முன்கூட்டியே எண்ணிப் பார்த்து ஏற்பாடு செய்யவேண்டியது அரசின் கடமையன்றோ? மூன்றாண்டுத் தவணை இருந்தும் செய்யவில்லை.

விளைவு என்னவாயிற்று? 2001 ஏப்ரல் பிறந்தபோது ஓடத் தகுதியுள்ள பேருந்துகள் மிகச் சிலவே. மக்கள் நிறுத்தங்களில் தவித்துச் சீற்றங்கொண்டனர். கடன்பட்டு வண்டியை மாற்றிய ஆட்டோ ஓட்டுநர், நீதிமன்றச் சொல்லுக்கு முதலிற் கீழ்ப்படிந்த அவரே, வாயுவுக்காக மணிக்கணக்கில் வரிசையில் நின்றார். நின்ற நேரமெல்லாம் அவருக்குக் கூலி இல்லை. கடனுக்கு வட்டி மட்டும் நிற்கவில்லை. காலந்தாழ்த்திய அதிகாரிகளில் எவர் அவ்வரிசையில் நின்றனர்?

தவணை செப்டம்பருக்கும், பின்னர் 2002 ஜனவரிக்கும் தள்ளிப்போயிற்று. இதற்கிடையில் மத்திய அரசு நியமித்த மஷேல்கர் குழு, எந்த எரிபொருள் என்று விதிக்கத் தேவையில்லை, புகையின் அளவுக்கு வரம்பு விதித்தால் போதும் என்றது. இவ்வாதம் முற்றிலும் பிழையானது என்று நாம் சொல்லமாட்டோம். கந்தகம் குறைந்த டீசலால் பயன் கண்ட நாடுகள் உண்டு. ஆனால் டீசலில் மண்ணெண்ணெய் கலக்கும் நாட்டில் வரம்பை யார் காப்பது? நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 2002 ஏப்ரல் 5ஆம் நாள், ஓடும் ஒவ்வொரு டீசல் பேருந்துக்கும் நாளொன்றுக்கு 500 ரூபாய் அபராதம், 30 நாட்களுக்குப்பின் 1,000 ரூபாய் என்று தீர்ப்பாயிற்று. அதற்குமேல் சாக்குப்போக்குகள் எடுபடவில்லை. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாளன்று கடைசி டீசல் பேருந்தும் நகரச் சேவையிலிருந்து விடைபெற்றது. அதைக் காண அனில் அகர்வால் இல்லை. அவர் அதே ஆண்டு ஜனவரி 2ஆம் நாள் புற்றுநோயால் மறைந்துவிட்டார்.

பேருந்தின் பின்னே எழுந்த கரும்புகை மறைந்தது உண்மை. ஆயினும் 2014இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், நுண்துகள் மிகுந்த நகரங்களுள் டில்லியே முதலிடத்தில் நின்றது. காரணங்கள் பல: கட்டுமானத் தூசி, தொழிற்சாலைகள், அண்டை மாநிலங்களில் எரிக்கப்படும் பயிர்த்தாள். இவற்றோடு, ஆண்டுதோறும் பெருகிய சொந்த வாகனங்கள். பேருந்தில் சென்றவர் விட்ட மூச்சுக்கு விடுதலை கிடைத்தது. அதைக் காரில் செல்வோர் மீண்டும் பறித்துக்கொண்டனர். 10,000 பேருந்துகள் என்று அன்று ஆணையிட்டார்களே, நகர மக்களுக்காக இன்று ஓடும் அரசுப் பேருந்துகள் அவ்வெண்ணிக்கைக்குக் கீழேதான் உள்ளன.

காலஞ்சென்ற திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘லவுதாத்தோ சி’ என்னும் சுற்றுமடலை வரைந்தார். பூமிக்கு இழைக்கும் தீங்கையும் ஏழைக்கு இழைக்கும் தீங்கையும் வெவ்வேறாகப் பிரித்துப் பார்க்கலாகாது என்பது அதன் கருத்து. டில்லியின் வரிசையில் நின்ற ஆட்டோக்காரரை நினைக்குந்தோறும் அம்மடல் நம் உள்ளத்தில் எழுகிறது. திருத்தந்தையே மின்சாரத்தால் இயங்கும் வண்டியொன்றை 2024 டிசம்பரில் பெற்றுக்கொண்டதையும் நேயர்கள் அறிவர்.

டில்லியும் இப்போது அத்திசையில் திரும்பியுள்ளது. 2022 ஜனவரியில் டில்லிப் போக்குவரத்துக் கழகத்தின் மின்பேருந்து சாலையில் ஓடத் தொடங்கியது. இன்று அத்தகையவை ஆயிரத்துக்கும் மேல். ஓசை குறைவு, புகைக்குழாயே இல்லை. ஆனால் மின்சாரம் எங்கிருந்து வருகிறது? நகருக்குள் இருந்த பதர்ப்பூர் நிலக்கரி மின்நிலையம் 2018 அக்டோபரில் மூடப்பட்டுவிட்டது. டில்லிக்கு வரும் மின்சாரத்தில் ஒரு பங்கு, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தொலைவிலுள்ள சிங்ரௌலி நிலக்கரிப் பகுதியின் உலைகளில் உண்டாகிறது. அவ்வுலைகளின் சாம்பல் அங்குள்ள சிற்றூர் மக்களின் வயலிலும் நீரிலும் படிகிறது.