பெரும்பான்மையை எங்கே எண்ணுவது?

சட்டமன்றத்துக்குப் போடும் வாக்கு வேறு, மக்களவைக்குப் போடும் வாக்கு வேறு. ஒன்றின் முடிவைக் காட்டி மற்றொன்றைச் செல்லாததாக்க எவருக்கும் உரிமை கிடையாது. ஆனால் 1980 பிப்ரவரியில் அதுதான் நடந்தது. மக்களவைத் தேர்தல் முடிந்த சூட்டோடு, அரசியலமைப்பின் 356ஆவது பிரிவைக் கொண்டு ஒன்பது மாநில ஆட்சிகளைக் கலைத்தார்கள். எம்.ஜி.ஆர். ஆட்சியும் அவற்றில் ஒன்று. மக்களவையில் அவர் கட்சிக்கு இரண்டே இடம் கொடுத்த அதே வாக்காளர்கள், மே மாதம் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அவரையே மறுபடி கோட்டைக்கு அனுப்பினார்கள்.

ஒரு முதல்வர் பெரும்பான்மையை இழந்துவிட்டார் என்று யார், எங்கே முடிவு செய்வது? 1989இல் கர்நாடகத்தில், ஆதரவை விலக்குவதாகச் சொன்ன 19 சட்டமன்ற உறுப்பினர்களின் கடிதங்களை வைத்து ஆளுநரே முடிவு செய்தார். அவர்களில் ஏழு பேர், ஏமாற்றிக் கையெழுத்து வாங்கிவிட்டார்கள் என்று முறையிட்டார்கள். சட்டமன்றத்தைக் கூட்டுங்கள், நிரூபிக்கிறேன் என்றார் முதல்வர் எஸ்.ஆர்.பொம்மை. கூட்டவே இல்லை, ஏப்ரல் 21 அன்று ஆட்சி போயிற்று. அந்தக் கலைப்பு செல்லாது என்று 1994 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. பெரும்பான்மையைச் சட்டமன்றத்துக்குள்தான் எண்ண வேண்டும். எந்த ஆதாரத்தை வைத்துக் கலைத்தீர்கள் என்று நீதிமன்றம் கேட்கலாம். நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் ஒப்புதல் தரும்வரை சட்டமன்றத்தைக் கலைக்கக் கூடாது. இன்று மாநில மக்களுக்கு இருக்கும் பெரிய பாதுகாப்பு இந்தத் தீர்ப்புதான். பொம்மைக்கு மட்டும் அது உதவவில்லை. தீர்ப்பு வருவதற்குள் வேறு தேர்தலே நடந்து முடிந்திருந்தது.

ஊழலிலும் கலவரத்திலும் ஒரு மாநிலம் சீரழிந்தால் டெல்லி கைகட்டி நிற்க வேண்டுமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆட்சி நடத்தவே வழியில்லாமல் போனால் 356 தேவைதான். ஆனால் மோசமான ஆட்சியைத் தண்டிக்கத் தேர்தல் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. கலவரத்தை அடக்க மத்தியப் படையை அனுப்புவதற்கு ஆட்சியைக் கலைக்க வேண்டியதில்லை.

நிவாரணம் சீக்கிரம் கிடைத்தால்தான் பயன். உத்தராகண்டில் 2016 மார்ச் 27 அன்று ஆட்சி பறிக்கப்பட்டது. வழக்கு உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று போய், மே 10 அன்று நம்பிக்கை வாக்கெடுப்பே நடந்துவிட்டது. பதவி இழந்த முதல்வர் ஹரீஷ் ராவத் வென்று பதவிக்குத் திரும்பினார். இன்னொரு வழி நாடாளுமன்றம். இரண்டு மாதத்துக்குள் இரு அவைகளும் ஏற்காவிட்டால், ஆட்சியைப் பறிக்கும் 356ஆவது பிரிவுப் பிரகடனம் காலாவதியாகிவிடும். 1999இல் பீகாரில் ராப்ரி தேவி ஆட்சியைக் கலைத்த மத்திய அரசு, மாநிலங்களவையில் ஆதரவு இல்லை என்றானதும் தானே பின்வாங்கியது. ஆகவே எந்த மாநிலத்தில் ஆட்சி கலைக்கப்பட்டாலும், ஆளுநரின் அறிக்கையைப் படித்தீர்களா, எப்படி வாக்களிக்கப் போகிறீர்கள் என்று உங்கள் எம்.பி.க்கு அந்த இரண்டு மாதத்துக்குள் எழுதிக் கேளுங்கள்.