பத்து நிமிடப் பாடம், ஒரே ஒரு கேள்வி: தெரியுமா?

மும்பை செம்பூரில் ரயில் ஏறினால் கோவண்டி, அடுத்தது மான்குர்ட். இரண்டே ஸ்டேஷன்! அறிவியலும் கணக்கும் பிள்ளைகளின் மனதில் எப்படிப் பதிகின்றன என்று ஆராய்பவர்கள் அங்கே இருக்கிறார்கள் தெரியுமா? 1974-இல் தொடங்கிய ஹோமி பாபா அறிவியல் கல்வி மையம் அது.

வழியிலேயே தேவனார். அங்குள்ள டாடா சமூக அறிவியல் கழகம், அமெரிக்காவின் எம்.ஐ.டி.யோடும் டாடா அறக்கட்டளையோடும் கைகோத்து 2015-இல் 'கிளிக்ஸ்' திட்டத்தைத் தொடங்கியது. அரசுப் பள்ளிப் பிள்ளைகள் அதில் சேர்ந்து உட்கார்ந்து கணினியில் படித்தார்கள். தப்பு செய்தால் திட்டு இல்லை, தப்பிலிருந்துதான் பாடமே! யுனெஸ்கோவின் 2017-ஆம் ஆண்டு விருது இதற்குக் கிடைத்தது.

எனக்குப் பெரிய வியப்பு பவாய்தான். அங்குள்ள ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் கண்ணன் மௌத்கல்யா தொடங்கிய 'ஸ்போகன் டுடோரியல்' பாடங்களைப் பார்த்திருக்கிறீர்களா? திரையில் ஆங்கில மென்பொருள், காதில் தமிழ்க் குரல்! ஒவ்வொன்றும் ஏறக்குறைய 10 நிமிடம். பாதித் திரையில் பாடம் ஓட, மறுபாதியில் மாணவர் தானே செய்து பார்க்கலாம். படத்துக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி என்று மனதுக்கு இரண்டு வாசல் உண்டு என்கிறார் உளவியலாளர் ரிச்சர்ட் மேயர். படத்தையும் எழுத்தையும் ஒரே கண்ணில் திணித்தால் நெரிசல். காதுக்கும் பங்கு கொடுத்தால் பாரம் குறையும். அந்தக் குரல் தாய்மொழியில் வந்தால் எவ்வளவு லேசு!

வீடியோவின் நீளமும் முக்கியம். எட்எக்ஸ் என்ற இணையக் கல்வித் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்டதை 2014-இல் அலசினார்கள். 6 நிமிடத்துக்குள் முடியும் வீடியோக்களுக்கே கவனம் அதிகம் கிடைத்திருந்தது!

இன்னொன்று தெரியுமா? 2006-இல் உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்தார்கள். திரும்பவும் படித்தவர்களுக்கு ஒரு வாரம் கழித்து நினைவில் நின்றது 42 சதவீதம். படித்ததை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம்! மறுபடி மறுபடி வீடியோ பார்ப்பதைவிட, மூடிவைத்துவிட்டு யோசிப்பதுதான் பலம்.

தாராவியில் ஒற்றை அறையில், ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்குபோட்டுப் படிக்கும் வீட்டுக்கும் இந்த வழி போதும். அம்மாக்களே, அப்பாக்களே! பாடம் முடிந்ததும் போனை வாங்கி வையுங்கள். "இப்போ என்ன பார்த்தே, சொல்லு கண்ணு" என்று தமிழில் கேளுங்கள். இன்று இரவே கேளுங்கள்.