தட்டு வந்தது, எழுத்து வந்ததா?



மதுரை நெல்பேட்டையிலே ஆதிமூலம் மாநகராட்சித் தொடக்கப் பள்ளி. 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, அங்கேதான் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் பிள்ளைகளோடு அமர்ந்து உண்டார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள், 1,14,095 பிள்ளைகள். மறு ஆண்டே அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்தது. விடியலில் மூட்டை தூக்கப் போகும் அப்பனும், நாற்று நடப் போகும் ஆத்தாளும், "பிள்ளை வெறும் வயிறாயிற்றே" என்று கலங்கிய காலம் ஒழிந்தது.

இந்தத் தட்டு ஒரே நாளில் வந்ததா? இல்லை! 1920-ல் நீதிக்கட்சித் தலைவர் தியாகராயர் காலத்துச் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பள்ளியிலே ஏழைப் பிள்ளைகளுக்கு உணவளித்தது. வெள்ளையர் ஆட்சி கணக்குக் காட்டி அதை நிறுத்திற்று. 1953-ல் ராஜாஜி ஆட்சி, பாதி நேரம் பள்ளி, பாதி நேரம் அப்பன் தொழில் என்றது. குலக்கல்வி என்று கொதித்தது நாடு! 1954-ல் பதவியும் போயிற்று, திட்டமும் போயிற்று. வந்தார் காமராசர், பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட விருதுநகர்க்காரர். 1956-ல் மதிய உணவு தந்தார். அவர் காங்கிரஸ்காரர், அதற்காக மறைப்போமா? 1982-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 1989-ல் கலைஞர் முட்டை சேர்த்தார்.

முந்தியவர் கொடுத்ததைப் பறிக்கப் பிந்தியவருக்குத் துணிவில்லை. கூட்டிக் கொடுத்தே தீரவேண்டியிருந்தது. ஏன்? தட்டு கண்ணுக்குத் தெரியும். சோறு குறைந்தால் தாய் கேட்பாள். வாக்குச் சாவடியிலும் கேட்பாள். கேட்கும் வாய் இருந்தது. கொடுக்கும் கை நீண்டது!

எழுத்து அப்படிக் கண்ணுக்குத் தெரிகிறதா? மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒரு பக்கத்தைத் தடுமாறாமல் படிக்கிறதா என்று கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்தப் பள்ளத்தை நிரப்ப 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பள்ளம் நிரம்பியதா என்று எந்தப் பொதுக்கூட்டத்திலே கேட்டோம்?

கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர். வகுப்போ ஐந்து! ஒருவர் பயிற்சிக்குப் போனால், மற்றவர் ஐந்து வகுப்பையும் மேய்க்க வேண்டும். உசிலம்பட்டிப் பக்கம், மேலூர்ப் பக்கம் உள்ள சிற்றூர்த் தோழர்களுக்கு இதை நாம் விளக்கவா வேண்டும்?

பி.எம்.ஸ்ரீ திட்டத்துக்கு ஒப்பவில்லை என்று, 2024-25-ல் தமிழ்நாட்டுக்குரிய 2,152 கோடி ரூபாய்க் கல்வி நிதியை டில்லி நிறுத்தி வைத்தது. கொதித்தோம், கொதித்தது நியாயம். ஆனால் நம் தெருப் பள்ளிக்குள் நுழைந்து பார்த்தோமா? கொடி பிடிப்பது அரசுப் பள்ளிக்காக. நம் பிள்ளை ஏறுவதோ தனியார் பள்ளி வேனில்! இது கசக்கும். கசந்தாலும் சொல்லத்தான் வேண்டும்.

2009-ஆம் ஆண்டுச் சட்டம் பள்ளி மேலாண்மைக் குழுவைத் தந்தது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப்பேர் பெண்கள். மாநாட்டுக்குப் பந்தல் போடத் தெரிந்த நமக்கு, அந்தக் குழுவிலே குந்திப் பேசத் தெரியாதா? அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லுங்கள். தடுமாறினால் ஆசிரியரை மிரட்டாதீர்கள். ஆசிரியர் போதுமா என்று அரசைக் கேளுங்கள். மாற்றார் ஆட்சியானாலும் கேளுங்கள். நம் ஆட்சியானாலும் கேளுங்கள்!

கேட்டோம், தட்டு வந்தது. கேட்போம், எழுத்தும் வரும்!